பாஸ்வேர்டு தொலைந்த ரவுட்டர்: கான்ஃபிக் போகாமல் மீட்டவர்கள் சொல்லுங்கள்

வேலந்தாவளம்:
வேலந்தாவளம் தாண்டி கொழிஞ்சாம்பாறை போகிற வழியில் ஒரு நூல் மில். கோயம்புத்தூர் ஆபீசுக்கு விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு), நாட் (முகவரி மாற்றும்) விதிகள் என்று மொத்த அமைப்பும், அதாவது கான்ஃபிக், ஒரு சிஸ்கோ 1841 ரவுட்டருக்குள் இருக்கிறது. போட்டுக் கொடுத்தவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருஷம். அமைப்பை மாற்ற விடும் எனேபிள் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது, பேக்கப்பும் இல்லை. மேனேஜர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "தம்பி, லைன் ஒரு மணி நேரம் நின்னா சமாளிச்சுக்கலாமுங்க. உள்ள இருக்கறது போச்சுன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது?"

முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். ரவுட்டரை நேராக லேப்டாப்போடு இணைக்கும் நீலக் கன்சோல் கேபிள், 9600 வேகம், ஆஃப் செய்து ஆன் செய்த 60 விநாடிக்குள், அது எழுவதை இடைமறிக்கும் பிரேக் கீ. என் லேப்டாப்பில் பிரேக் கீயே கிடையாது. புட்டி என்ற டெர்மினல் புரோகிராமின் ஜன்னல் தலைப்பில் ரைட் கிளிக் செய்தால் ஸ்பெஷல் கமாண்டில் பிரேக் இருக்கிறது. இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை ராம்மான் (ரவுட்டரின் மீட்பு பிராம்ப்ட்) வந்தது. ரவுட்டர் எப்படி எழ வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிக் ரெஜிஸ்டர் எண்ணை 2142 ஆக்கி ரீசெட் கொடுத்தேன். அந்த எண் போட்டால் ரவுட்டர் சேமித்த கான்ஃபிக்கைப் படிக்காமல் எழுந்திருக்கும், அதனால் பாஸ்வேர்டும் கேட்காது. கான்ஃபிக் அழியாது, என்விராமில் (அணைத்தாலும் அழியாத நினைவகத்தில்) அப்படியே இருக்கும்.

இது எனக்குத் தெரியும். தெரிந்தும், திரையில் வெறும் "ரவுட்டர்" என்று பிராம்ப்ட் நின்றபோது வயிற்றைக் கலக்கியது. மேனேஜர் பின்னால் நின்று என் தோள் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டார்ட்டப்பை (சேமித்த கான்ஃபிக்கை) ரன்னிங்குக்கு (ஓடும் கான்ஃபிக்குக்கு) காப்பி செய்து என்டர் தட்டினேன். ஒரு விநாடி ஒன்றும் இல்லை. அப்புறம் அடுத்த வரியில் "ரவுட்டர்" போய் மில்லின் பெயர் வந்தது. கூடவே எவனோ வைத்த ஓர் எழுத்துப்பிழையும். அந்தப் பிழையைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. வருஷக்கணக்கில் அவர்கள் பார்த்துப் பழகிய அதே பிழை.

புதுப் பாஸ்வேர்டு வைத்தேன், ரைட் (சேமிக்கும் கமாண்ட்) கொடுத்தேன். லைன் வரவில்லை. பத்து நிமிஷம் தடுமாறிய பிறகுதான் போர்ட் எல்லாம் ஷட்டில் (அணைக்கப்பட்டு) கிடப்பது உறைத்தது. இப்படிக் காப்பி செய்தால் ஒவ்வொரு போர்ட்டுக்கும் போய் அதைத் திறக்கும் நோ ஷட் கமாண்ட் கொடுக்க வேண்டும்.

புளியரை:
உங்களுக்கு ராம்மான் வந்தது. எனக்கு வந்தது வேறு. செங்கோட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ், இதே கதைதான். பூட் ஆகும்போது ஒரு வரி ஓடியது: பாஸ்வேர்டு மீட்கும் வசதி முடக்கப்பட்டுள்ளது. வைத்தவர் நோ சர்வீஸ் பாஸ்வேர்டு-ரெக்கவரி என்ற கமாண்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவசரத்தில் நான் அந்த வரியைப் படிக்கவே இல்லை. பழக்கத்தில் பிரேக்கைத் தட்டிக்கொண்டே இருந்தேன். திடீரென்று ஒரு கேள்வி நின்றது: ஃபேக்டரி நிலைக்கு ரீசெட் செய்து மேலே போகட்டுமா, ஒய் அல்லது என்?

என் விரல் ஒய் மேல் இருந்தது. எத்தனையோ ரவுட்டரில் எத்தனையோ ஒய் அடித்த விரல். ஏன் நின்றதென்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அடித்திருந்தால் மொத்தக் கான்ஃபிக்கும் போயிருக்கும். "என்" எழுத்தை அடித்தேன், வழக்கம்போல் பூட் ஆகி லைன் வந்துவிட்டது.

அப்புறம் வழி ஒன்றுதான். பழைய ஆள் தென்மலையில் இருக்கிறார், போனை எடுப்பதில்லை என்றார்கள். புனலூர் பஸ் ஏறி, ஆரியங்காவு தாண்டி, நேரில் போனேன். முதலில் முகம் கொடுக்கவில்லை, ஆபீஸ்காரர்கள் மேல் அவருக்கு வருத்தம். டீ வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்.

தடா ரோடு:
வேலந்தாவளம் நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் செய்ததில் ஒரு பெரிய ஆபத்து இருந்தது, தப்பித்துவிட்டீர்கள். ஆஃப் செய்யும் முன் ஓடிக்கொண்டிருந்த கான்ஃபிக் சேமிக்கப்பட்டதுதான் என்று எப்படித் தெரியும்? முன்னால் இருந்தவர் மாற்றம் செய்து ரைட் கொடுக்காமல் போயிருந்தால், சுவிட்சை அணைத்த நொடியே அது போச்சு. என்விராமில் இருப்பது பழையது மட்டும்தான். தடாவுக்கு இந்தப் பக்கம், ஆரம்பாக்கம் அருகே ஒரு கம்பெனியில் எனக்கு நடந்தது இதுதான். மீட்டேன், ஆனால் வந்தது ஆறு மாதப் பழைய கான்ஃபிக். புதுக் கிளைக்கான ரூட் எதுவும் இல்லை. அது என் கதை, அவ்வளவுதான்.

இனி இதைச் செய்யப் போகிறவர்களுக்கு. முதலில் கன்சோல் கேபிளைச் சொருகி என்டர் தட்டிப் பாருங்கள். சும்மா கிடக்கும் செஷனை மூடுகிற எக்ஸெக்-டைம்அவுட்டைப் பூஜ்யமாக வைத்திருந்தால், யாரோ விட்டுப்போன செஷன் எனேபிள் நிலையிலேயே திறந்து கிடக்கலாம். அடுத்தது, பழைய கம்ப்யூட்டர்களில் டிஎஃப்டிபி (ரவுட்டர் ஃபைல்களை அனுப்பி வாங்கும் எளிய முறை) ஃபோல்டரைத் தேடுங்கள். பழைய கான்ஃபிக் ஃபைல் ஒன்று சிக்கினால், அதில் 7 என்ற எண்ணோடு இருக்கும் பாஸ்வேர்டை நிமிஷத்தில் அவிழ்த்துவிடலாம். 5 என்று இருப்பது எம்டி5 என்ற ஒருவழிக் குறியாக்கம், அது அவிழாது. ஆனால் நம் ஆட்கள் பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஒரே சொல்லைத்தான் வைப்பார்கள், 7-ல் கிடைத்ததை எனேபிளுக்கும் போட்டுப் பாருங்கள். 2142-ல் எழுந்த பிறகு காப்பி செய்யும் திசையில் மிகக் கவனம். ஸ்டார்ட்டப்பிலிருந்து ரன்னிங்குக்கு. மாற்றிக் கொடுத்தால் வெற்றுக் கான்ஃபிக் நல்லதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும், அதோடு முடிந்தது. கேபிளும் ஐந்து நிமிஷமும் கிடைத்தால் யாரும் இதைச் செய்யலாம் என்பதால் ரேக்குக்குப் பூட்டுப் போடுங்கள்.

வேலந்தாவளம்:
கோபமில்லை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அணைக்கவில்லை. பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே பார்க்க வழியில்லை என்பதால் மில் எலெக்ட்ரீஷியனைக் கேட்டேன். முந்தின மாதம் யுபிஎஸ் பேட்டரி போய் ரவுட்டர் முழுசாக அணைந்து, கரண்ட் வந்ததும் நெட் தானாக வந்ததாம். அந்த ஆளோ போய் இரண்டு வருஷம். அப்படியென்றால் சேமித்தது சரியாகத்தான் இருக்க வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் சுவிட்சில் கை வைத்தேன்.

தடா ரோடு:
அதை முதலிலேயே எழுதியிருக்கலாம். சரி, ஒத்துக்கொள்கிறேன்.

கம்பம்மெட்டு:
நீங்கள் பேசுவது பெரிய ரவுட்டர். எங்களுடையது வீட்டு மோடம். குமுளிக் கடையில் வைஃபை பாஸ்வேர்டு மறந்ததற்கு அப்பா சேஃப்டி பின்னை எடுத்து ரீசெட் ஓட்டையில் அழுத்திப் பிடித்துவிட்டார். விளக்கெல்லாம் ஒருசேர அணைந்து எரிந்ததை நான் படியில் நின்று பார்த்தேன், கத்தி நிறுத்துவதற்குள் ஆகிவிட்டது. நெட் லைனில் நுழைவதற்கான பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் போயிற்று. ஆள் வந்து திரும்பப் போட்டுக் கொடுக்க மூன்று நாள். கடை லேப்டாப் அதே வைஃபையில் இணைந்திருந்தது, அதன் செட்டிங்கிலேயே பாஸ்வேர்டைப் பார்த்திருக்கலாம். அப்பாவுக்கு அது தெரியாது, அவர் மேல் தப்பில்லை.

குழித்துறை:
யாரும் சொல்லாத ஒன்று. எனக்கு மீட்டது பிரச்சினையே இல்லை, மீட்ட பிறகு ஒன்பதாம் நாள்தான்.

பாறசாலைப் பக்கம் ஒரு மருத்துவமனை. எல்லாம் செய்தேன், நோ ஷட் உட்பட. ரெஜிஸ்டரைத் திரும்ப வழக்கமான 2102 ஆக்க மறந்துவிட்டேன். ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்கும்வரை தெரியாது. ஒன்பதாம் நாள் ராத்திரி நல்ல மழை, கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறுவதற்குள் ரவுட்டர் ரீபூட். 2142 அல்லவா, வெறுமையாக எழுந்தது. பதினொன்றரைக்கு நைட் டியூட்டி செக்யூரிட்டி அண்ணன் போன் செய்தார். நான் பக்கத்தில் விட்டுவந்த பழைய கம்ப்யூட்டரில் கன்சோல் திறந்தே இருந்தது. அவர் ஆங்கிலத்தை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தார்: இனிஷியல் கான்ஃபிகரேஷன் டயலாக்குக்குள் போகவேண்டுமா என்று கேட்கிறது. பின்னால் மழைச் சத்தம், யாரோ பில் கவுண்டரில் சத்தம் போடுகிறார்கள். அவர் கேட்டார்: "யெஸ் அடிக்கட்டே சாரே?"

யெஸ் கொடுத்து, கேட்கிறதற்கெல்லாம் என்டர் தட்டி, கடைசியில் சேமித்திருந்தால், உண்மையான கான்ஃபிக் மேலேயே எழுதியிருக்கும். "அண்ணே, கீபோர்டுல இருந்து கையை எடுங்க, நான் வாரேன்" என்றேன். பைக்கில் களியக்காவிளை தாண்டிப் போய்ச் சேர நாற்பது நிமிஷம். போய்ப் பார்த்தால் அவர் கீபோர்டைக் கவிழ்த்து மேசையில் வைத்து, யாரும் தொடாதபடி பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

வேலந்தாவளம் அண்ணா, உங்கள் பதிவில் 2142 இருக்கிறது, 2102 இல்லை. போட்டீர்களா?

வேலந்தாவளம்:
படித்ததும் மில்லுக்கு விபிஎன் வழியாகப் போய் ரெஜிஸ்டரைக் காட்டும் ஷோ வெர்ஷன் கமாண்டைக் கொடுத்தேன். கடைசி வரி: 2142. இப்போது மாற்றி ரைட் கொடுத்துவிட்டேன். அடுத்த ரீலோடில் 2102 ஆகும் என்று காட்டுகிறது.