ஈர நெல்லுக்கு ஏது பேரம்? நீங்கள் விற்ற கதையைச் சொல்லுங்கள்

தம்பலகாமத்தான்:

2025 பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

இரண்டரை ஏக்கர். காலை பத்து மணிக்கு அறுவடை இயந்திரம் வயலில் இறங்கியது. பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்பா காலத்தில் வெட்டி, கட்டி, சூடு வைத்து, அடித்துத் தூற்றி எடுக்க வாரக்கணக்கில் போகும். அதற்குள் நெல்லும் காய்ந்துவிடும், நாலு பேரிடம் விலையும் கேட்டுவிடலாம். இப்போது இயந்திரத்தின் வாயிலிருந்து நெல் பச்சையாகக் கொட்டுகிறது. வரம்போரம் லொறி நிற்கிறது. வானம் கறுக்கிறது.

வியாபாரி ஒரு பிடி அள்ளி, இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்தார். காய்ந்த நெல் என்றால் ‘டக்’ என்று உடையும். என் நெல்லில் சத்தமே வரவில்லை. ‘‘பிதுங்குகிறது அண்ணன்’’ என்று சொல்லித் துப்பினார். பிறகு ஈரத்துக்கென்று மூடைக்கு மூன்று கிலோ கழிவு. 62 மூடைக்கு 186 கிலோ. கிட்டத்தட்ட மூன்று மூடை நெல், தராசில் ஏறாமலே லொறியில் ஏறிவிட்டது.

அரசாங்கம் அந்தப் பெப்ரவரியில் அறிவித்த விலை கிலோவுக்கு நாட்டு நெல் 120, சம்பா 125, கீரிச்சம்பா 132 ரூபாய். எனக்கு மனப்பாடம். அந்த விலைக்குக் கொடுக்க ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பதும் மனப்பாடம். என் நெல் 19. அந்த நிபந்தனையைக் குறை சொல்ல மாட்டேன். ஈர நெல்லை அடுக்கினால் சூடேறிக் கறுத்துவிடும். வியாபாரி 120இல் 25 ரூபாய் குறைத்துக் கேட்டார். கொடுத்தேன். பசளைக் கடனும் இயந்திரக் கூலியும் அன்றைக்கே வாசலில் நின்றன.

விவசாயி விரும்பியவருக்கு விற்கட்டும் என்கிறார்கள். விற்கலாம், யாரும் தடுக்கவில்லை. அன்று எனக்கு இருந்த தெரிவு அந்த லொறியா, மழையா என்பதுதான். உங்களுக்கு எப்படி?

மூதூர்க் காக்கா:

தம்பி, லொறி வரம்புக்கு வந்ததே, அதற்கு நாங்கள் ஒரு காலத்தில் தவம் கிடந்தோம். கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று ஒவ்வொரு துறையிலும் ஆற்றைக் கடக்கும் மிதவைப் பாதைக்குக் காத்திருந்த திருகோணமலை–மூதூர் வீதி இது. நெல்லை வெளியே கொண்டுபோக வேண்டும் என்றால் அந்தப் பாதை, இல்லாவிட்டால் அல்லை–கந்தளாய் வீதியால் சுற்று. எங்கள் பக்கத்தில் நெல் வாங்க இரண்டு முதலாளிமார். ஒருவர் மற்றவருக்கு மைத்துனர். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது, மற்றப் பாலங்கள் 2011இல். அடுத்த போகமே பொலனறுவை லொறிகள் வந்து நின்றன. அன்றுதான் எங்கள் முதலாளி எனக்கு முதன்முறையாகக் கதிரை போட்டுத் தேநீர் தந்தார். சீனி கொஞ்சம் கூடவே இருந்தது.

இருந்தாலும் ஒன்றை மறைக்கக்கூடாது. பொலனறுவைக்காரர் போகம் முடிந்தால் போய்விடுவார். மகளுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இரவில் நான் தட்டியது பழைய முதலாளியின் கதவைத்தான். மறுபேச்சில்லாமல் காசை எண்ணிக் கொடுத்தார். அடுத்த போகம் நெல் அவருக்குத்தான் என்று ஒரு துண்டிலும் எழுதவில்லை. எழுதத் தேவையில்லை. அந்த முறை கிலோவுக்கு நாலு ரூபாய் கூடக் கேட்ட வெளியூர் லொறியை நானே திருப்பி அனுப்பினேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, திருகோணமலை நகர்:

இரண்டு முதலாளியும் இல்லாத காலத்தைச் சொல்கிறேன். 1971ஆம் ஆண்டின் சட்டத்தால் நெல் சந்தைப்படுத்தும் சபை வந்தது. பிறகு சில ஆண்டுகள் நெல் வாங்குவதே அதன் ஏகபோகமாக இருந்தது. 1977க்குப் பின்தான் சந்தை திறந்தது. கந்தளாயில் அப்பாவுக்கு ஆறு ஏக்கர். சபைக்காக வாங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் கொடுத்துவிட்டு விலை போதாது என்று முணுமுணுப்பார். ஆனால் விதைக்கும்போதே எவ்வளவு கைக்கு வரும் என்று என் பழைய கணக்குக் கொப்பியில் எழுதிவிடுவார். தம்பி, உங்களால் இன்று அப்படி எழுத முடியுமா?

மறுபக்கமும் உண்டு. அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகக் கட்டுப்பாடு. கொழும்பில் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. சொந்த வயலின் அரிசியை அம்மா தலையணை உறைக்குள் போட்டுத் தைத்துத் தந்தார். கல்ஓயாச் சந்தியில் ரயில் நின்றபோது அந்தத் தலையணையில் தலை வைத்து, தூங்குவதுபோலக் கிடந்தேன். அரிசித் தலையணை எவ்வளவு கடினம் என்று படுத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். யாரும் சோதிக்கவில்லை. கழுத்து மூன்று நாள் திரும்பவில்லை.

சீனக்குடாப் பையன், இப்போது கனடாவில்:

ஆசிரியை அம்மா சொன்ன அதே வழக்கு இங்கே பல காலம் நடந்திருக்கிறது. நான் சாஸ்கச்சுவானில் லொறி ஓட்டுகிறேன். எங்கள் ஊர்ப் பிரீமா மாவாலைக்குக் கோதுமைக் கப்பல் வருவதைப் பார்த்து வளர்ந்தவன், இன்று கோதுமை வயல்களுக்கு நடுவே ஓடுகிறேன்.

கனடாக் கோதுமைச் சபை 1935இல் தொடங்கியது. 1943இலிருந்து மேற்கு மாகாண விவசாயிகளின் கோதுமையை ஏற்றுமதிக்கு அது மட்டுமே விற்கலாம். நெல்லுக்குப் போல அன்றே முழுக் காசு கிடையாது: கொடுக்கும்போது முன்பணம், ஆண்டு முடிவில் எல்லா விற்பனையையும் ஒன்றாகக் கூட்டிப் பிரித்து மீதி. அவசரக்காரனுக்கும் பொறுமைக்காரனுக்கும் ஒரே விலை. சிலருக்கு இது பொறுக்கவில்லை. தங்கள் தானியத்தைத் தாங்களே எல்லை தாண்டி அமெரிக்காவுக்குக் கொண்டுபோன அல்பேர்ட்டா விவசாயிகள் 13 பேர், தண்டப்பணம் கட்ட மறுத்து 2002இல் சிறைக்கே போனார்கள். 2011இல் சபை நடத்திய வாக்கெடுப்பில் கோதுமைக்காரரில் 62 சதவீதம் பேர் பழைய முறையே இருக்கட்டும் என்றார்கள். அரசாங்கம் கேட்கவில்லை. 2012 ஆகஸ்ட் 1 முதல் யாருக்கும் விற்கலாம். 2015இல் சபையின் பெரும்பங்கும் தனியார் கைக்குப் போனது.

நான் தானியம் ஏற்றும் வீடொன்றில் தகப்பன் சபைக்கு வாக்களித்தவர், மகன் எதிர். சாப்பாட்டு மேசையில் இன்னும் சண்டை. ஆனால் இருவருக்கும் பொதுவாக வீட்டுக்குப் பின்னால் இரும்புக் களஞ்சியங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒருநாள் மகன் கைபேசியில் விலையைப் பார்த்துவிட்டு, ‘‘இன்றைக்கு வேண்டாம், அடுத்த மாதம் வா’’ என்று வெறும் லொறியோடு என்னைத் திருப்பி அனுப்பினார். நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வீண். திட்டிக்கொண்டே ஓட்டினேன். பாதி வழியில் தம்பலகாமத்து மாமாவின் ஞாபகம் வந்தது. ஒரு லொறியையாவது அவர் அப்படித் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை.

தம்பலகாமத்தான்:

ஆறு மாதம் கழித்து வருகிறேன். தலையணைக் கதையை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, ‘‘நீங்களும் நெல்லின் மேல் படுத்தால் என்ன?’’ என்று கேட்டார். அப்படித்தான் ஆயிற்று.

சிறுபோகத்துக்கு நாங்கள் நாலு பேர் சேர்ந்து நெல்லைப் பரப்பிக் காயவைக்கப் படங்கு வாங்கினோம். முழு நெல்லையும் காயவைக்க இடமும் இல்லை, கடன்காரருக்குப் பொறுமையும் இல்லை. பாதியை வரம்பிலேயே பழைய விலைக்குக் கொடுத்தேன். மீதியைக் கோயில் வீதியோரம் மூன்று நாள் பரப்பி, வெயில் ஏற ஏறக் காலால் கிளறி, இரவில் மாடுகளுக்குக் காவலாக அதன் பக்கத்திலேயே படுத்தோம். ஈரப்பதன் பதின்மூன்றரைக்கு இறங்கியது. பிறகு ஒரு மாதம் வீட்டு விறாந்தையில் மூடைகள்; பிள்ளைகள் அதன் மேல் ஏறித்தான் பாடம் படித்தார்கள்.

அதே வியாபாரி வந்தார். அதே இரண்டு மணி. ‘டக்’ என்ற சத்தம் எனக்கே கேட்டது. கழிவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை; விலையை மட்டும் மூன்று தடவை கூட்டினார். நாலாவது தடவையும் கூட்டுவார் என்று நினைத்து முகத்தை இறுக்கமாக வைத்துப் பார்த்தேன். கூட்டவில்லை.

காக்கா, உங்கள் பக்கம் தடித்த படங்கு என்ன விலை? எங்களுடையதில் எலி இரண்டு இடத்தில் ஓட்டை போட்டுவிட்டது.