எல்இடி பட்டையை இணைத்தால் கடிகாரம் மெதுவாகிறது, உதவி தேவை

ஏடிமெகா328பி மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில் கடிகாரம் செய்கிறேன். நான்கு நாளாக ஒரே சிக்கல்: மணிக்கு அரை நிமிடம் பின்தங்குகிறது.

16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், நேரக் கணக்கு மில்லிஸ் (தொடங்கியதிலிருந்து கழிந்த மில்லிநொடிகளைத் தரும் ஆர்டுயினோ ஃபங்ஷன்) மூலம். காட்டுவதற்கு 60 விளக்குள்ள டபிள்யூஎஸ்2812 எல்இடி பட்டை; நொடிக்கு 10 முறை புதுப்பிக்கிறேன்.

கிரிஸ்டலை மாற்றினேன், பயனில்லை. பவர் சப்ளையையும் மாற்றிப் பார்த்தாயிற்று. பட்டைக்கு அனுப்பும் வரியை நீக்கினால் நேரம் சரியாக ஓடுகிறது! 30 விளக்குக்கு மட்டும் அனுப்பினாலும் பிசகவில்லை. அங்கேதான் சந்தேகம் வந்தது. ஒரு விளக்குக்குத் தரவு அனுப்ப 30 மைக்ரோநொடி என்றால் 60க்கு 1.8 மில்லிநொடி, அவ்வளவு நேரமும் இன்டரப்ட் (ஓடும் நிரலை இடைமறித்து அவசர வேலையைச் செய்ய வைக்கும் சமிக்ஞை) நிறுத்தப்பட்டிருக்கிறது. மில்லிஸ் நம்பியிருக்கும் டைமர்0 (சிப்புக்குள் இருக்கும் எண்ணி) ஒவ்வொரு 1.024 மில்லிநொடிக்கும் நிரம்புவதால், சில நிரம்பல்கள் எண்ணப்படாமல் போகின்றன என்று நினைக்கிறேன்.

நேரம் காக்கும் தனி ஆர்டிசி சிப் வைக்காமல், சிப்புக்குள் உள்ள இன்னொரு எண்ணியான டைமர்1 நொடிக்கு ஒருமுறை இன்டரப்ட் தரும்படி அமைத்தால் இந்த இழப்பு நிற்குமா?