அடுப்புச் சூட்டிலிருந்து மின்சாரம்: பொருள்தான் குறையா?

கேள்வி (பாலக்கோடு)

வணக்கம். பாலக்கோடு அருகே எங்கள் குடும்பத்துக்கு வெல்லம் காய்ச்சும் ஆலை ஒன்று உண்டு. சக்கையை எரித்துக் கொப்பரை கொதிக்கும் நேரத்தில் அடுப்பின் பக்கச் சுவரில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் ஒரு விளக்காவது எரியட்டும் என்று எண்ணி, 127 குறைக்கடத்தி இணைகள் கொண்ட பெல்டியர் தகடு (இரு முகங்களின் சூடு வேறுபட்டால் மின்சாரம் தருவது) ஒன்றைச் சுவரில் பதித்த இரும்புத் தகட்டின்மேல் அழுத்தி வைத்தேன். முதலில் 3 வோல்ட் காட்டிய மீட்டர், ஐந்து நிமிடத்தில் அரை வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. தகட்டில் இருக்கும் பிஸ்மத் டெல்லுரைடைவிட நல்ல பொருள் வந்தால் இது சரியாகுமா? அத்தகைய பொருளை எப்படி வடிவமைக்கிறார்கள்?

மறுமொழி (கிருஷ்ணகிரி, இயற்பியல் ஆசிரியர்)

தம்பி, நல்ல கேள்வி. ஒரு டிகிரி வேறுபாட்டுக்குக் கிடைக்கும் மின்னழுத்தமே சீபெக் எண். அதன் வர்க்கத்தை மின்கடத்துதிறனாலும் வெப்பநிலையாலும் பெருக்கி, வெப்பக் கடத்துதிறனால் வகுத்தால் பொருளின் தகுதி எண் வரும். சிக்கல் என்னவென்றால், இவை ஒன்றையொன்று பிடித்து இழுப்பவை: எலக்ட்ரான்களைக் கூட்டினால் மின்சாரம் எளிதாக ஓடும், ஆனால் சீபெக் எண் குறையும், அதே எலக்ட்ரான்கள் வெப்பத்தையும் சுமந்து சென்றுவிடும். ஆகவே உலோகமும் உதவாது, கண்ணாடியும் உதவாது. மாசு நிறையச் சேர்த்த குறைக்கடத்திதான் வேண்டும்.

தனியாகக் கைவைக்கக்கூடியது, படிகத்தின் அதிர்வுகள் சுமக்கும் வெப்பம் ஒன்றே. டெல்லூரியம் இருக்கும் இடத்தில் சிறிது செலினியத்தை நுழைத்தால், எடை மாறிய அந்த அணு அதிர்வுகளைச் சிதறடிக்கும். பொருளை நுண்பொடியாக அரைத்து மீண்டும் அழுத்தினால், துகள் எல்லைகளும் அதையே செய்யும். 2014இல் வெள்ளீய செலினைடின் ஒற்றைப் படிகத்தில், சுமார் 650 டிகிரி செல்சியஸில், ஒரு திசையில் மட்டும் தகுதி எண் 2.6 என அறிவிக்கப்பட்டது வியப்புக்குரியது. அதன் அணுப் பிணைப்புகளே நெகிழ்வானவை என்பதால் வெப்பம் தானாகத் தேங்குகிறது.

மறுமொழி (ஓசூர்)

ஐயா சொன்னதெல்லாம் சரி, ஆனால் உங்கள் குறை பொருளில் இல்லை. ஓர் இணை டிகிரிக்குச் சுமார் 400 மைக்ரோவோல்ட் தரும். 127 இணைகளுக்கு டிகிரிக்கு 0.05 வோல்ட். அப்படியானால் அரை வோல்ட் என்பது இரு முகங்களுக்கிடையே வெறும் 10 டிகிரி வேறுபாடு! அடுப்பைத் தொடாத மேல்முகமும் சூடாகிவிட்டது. சூடான முகம் 200, குளிர்ந்த முகம் 40 டிகிரியில் நின்றால்கூட, தகுதி எண் 1 உள்ள பொருள் ஏறக்குறைய 7 சதவீதமே மின்சாரமாக்கும். தகுதி எண்ணை 2 ஆக்கினாலும் 10 சதவீதத்தைச் சற்றே தாண்டும். குளிர்விப்பதற்கான தகடுகள் பலவற்றில் உள்ளே இருக்கும் பற்றாசு 138 டிகிரியிலேயே உருகும் என்பதால், மின் உற்பத்திக்கென்றே விற்கும் தகட்டைக் கேட்டு வாங்குங்கள். மேல்முகத்தின்மீது எவர்சில்வர் தொட்டி ஒன்றை வைத்து, கொப்பரைக்குப் போகும் கரும்புப்பாலை அதன் வழியே விடுங்கள். முகம் குளிரும்; மின்சாரமாகாத வெப்பமும் பாலைச் சூடேற்றிச் சக்கையை மிச்சப்படுத்தும்.

கேட்டவர்

கரும்புப்பாலையே குளிர்விக்கப் பயன்படுத்தலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அடுத்த காய்ச்சலின்போது இரு முகங்களிலும் வெப்பமானி வைத்து, மணிக்கொரு முறை குறித்து இங்கே எழுதுகிறேன்.