சண்டே சைலன்ஸை அமெரிக்கா ஏன் ஜப்பானுக்கு விற்றது?

தூங்காத கேமர்:

வணக்கம் மக்களே. ரேஸ் பற்றி எனக்கு ஆனா ஆவன்னா தெரியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேஸ் குதிரைகளைப் பள்ளிக்கூடப் பெண்களாக மாற்றி ஓடவிடும் ஒரு ஜப்பான் மொபைல் கேம் கொஞ்ச நாளாக என்னைப் பிடித்து ஆட்டுகிறது. அதில் வருகிற பெயர்கள் எல்லாம் நிஜக் குதிரைகளின் பெயர்கள் என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஸ்பெஷல் வீக்கின் அப்பா சண்டே சைலன்ஸ். சைலன்ஸ் சுசுகாவுக்கும் அதே அப்பா. மன்ஹாட்டன் கஃபே, அக்னெஸ் டாக்கியான், ஸ்டே கோல்ட் என்று எதைத் தொட்டாலும் அங்கேதான் போய் நிற்கிறது.

ஆனால் இந்த அப்பா ஜப்பான் குதிரையே இல்லை. அமெரிக்காவில் பிறந்து, 1989-ல் கென்டக்கி டெர்பி ஜெயித்து, அந்த வருடத்தின் சிறந்த குதிரை என்ற பட்டமும் வாங்கியிருக்கிறான். அப்படிப்பட்டவனை எதற்கு விற்றார்கள்? "வம்சாவளி சரியில்லை" என்று ஓரிடத்தில் ஒரு வரி இருந்தது. டெர்பி ஜெயித்த குதிரைக்கு வம்சாவளி எப்படிச் சரியில்லாமல் போகும்? இன்னொன்று, இவனோடு மோதிய ஈஸி கோயர்தான் உண்மையில் பெரிய குதிரை, இவனுக்கு அதிர்ஷ்டம் என்று சிலர் எழுதுகிறார்கள். அதுவும் புரியவில்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்களேன்.

கிண்டி கேலரி:

தம்பி, கேம் வழியாக வந்தாலும் சரியான குதிரையைத்தான் பிடித்திருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கென்டக்கியில் பாரிஸ் என்று ஒரு ஊர். அங்கே கிளெய்போர்ன் என்ற பண்ணை, அமெரிக்கக் குதிரை வளர்ப்பில் ராஜ குடும்பம் மாதிரி. அதை நடத்திய புல் ஹான்காக் இறந்தபோது பண்ணைப் பொறுப்பு மூத்த மகன் ஆர்தருக்குப் போகவில்லை, இளையவர் செத்துக்குப் போனது. ஆர்தர் கிடார் வாசிப்பவர், பாட்டுக்காரர், பொறுப்பில்லாதவர் என்று பெயர் எடுத்தவர். அவர் அதே ஊரில் ஸ்டோன் ஃபார்ம் என்று தனியாகப் பண்ணை வைத்தார். 1986 மார்ச் 21-ல் கிளெய்போர்னில் ஈஸி கோயர் பிறந்தது. நாலு நாள் கழித்து, மார்ச் 25-ல், ஸ்டோன் ஃபார்மில் சண்டே சைலன்ஸ். இரண்டு அண்ணன் தம்பி பண்ணைகள், ஒரே ஊர், ஒரே வாரம். கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் நம்பமாட்டோம்.

சண்டே சைலன்ஸ் குட்டியாக இருந்தபோது கடுமையான வயிற்றுப்போக்கு வந்து சாகப் பிழைக்கக் கிடந்தான். தேறிய பிறகும் பார்க்க லட்சணமில்லை. பின்னங்கால் முட்டிகள் இரண்டும் உள்பக்கம் வளைந்து, நடக்கும்போது ஒன்றோடொன்று உரசுகிற மாதிரி இருக்கும். கூடவே கோபம், கடி, உதை. ஒரு வயதில் கீன்லேண்ட் ஏலத்துக்குக் கொண்டுபோனார்கள். 17,000 டாலருக்கு மேல் கேட்க ஆளில்லாமல் ஹான்காக் தானே எடுத்துக்கொண்டார். இரண்டு வயதில் கலிஃபோர்னியா ஏலம், அங்கேயும் 32,000-த்தில் நின்றுவிட்டது. சரி என்று திருப்பி அனுப்பினால், வழியில் வண்டி ஓட்டியவருக்கு மாரடைப்பு வந்து வண்டி கவிழ்ந்தது. ஓட்டுநர் இறந்துபோனார். குதிரை அடிபட்டுப் பிழைத்தது.

அப்புறம்தான் சார்லி விட்டிங்ஹாம் வருகிறார். கலிஃபோர்னியாவின் பழுத்த பயிற்சியாளர். 76 வயதில் இவனை வைத்து டெர்பி ஜெயித்தார். குதிரையில் பாதிப் பங்கு வாங்கி, அதில் பாதியை கைலார்ட் என்ற டாக்டருக்குக் கொடுத்தார்.

ஓட்டம் என்று பார்த்தால் மொத்தம் 14 ரேஸ், 9 வெற்றி, மீதி ஐந்திலும் இரண்டாமிடம். மூன்றாவதாக வந்ததே கிடையாது. சான்டா அனிடா டெர்பியை 11 லெங்த், அதாவது 11 குதிரை நீளம், வித்தியாசத்தில் எடுத்தான். கென்டக்கி டெர்பி சேறும் சகதியுமான தடத்தில் நடந்தது. கடைசி நேர்கோட்டில் இடதும் வலதுமாக அலைந்துகொண்டே ஓடி இரண்டரை லெங்த்தில் ஜெயித்தான். ஃபேவரிட்டாக இறங்கிய ஈஸி கோயர் இரண்டாவது.

ஆனால் பார்க்கவேண்டியது அடுத்த பெரிய ரேஸ், பிம்லிகோ தடத்தில் நடந்த பிரீக்னஸ். வீடியோ கிடைக்கும், கட்டாயம் பாருங்கள். கடைசித் திருப்பம் தாண்டியதும் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஈஸி கோயர் உள்ளே, ரெயிலை ஒட்டி. இவன் வெளியே. அங்கிருந்து கோடு வரை ஒரு தடவை இவன் மூக்கு முன்னே, ஒரு தடவை அவன் மூக்கு முன்னே. ஈஸி கோயரின் தலை இவன் பக்கமாகத் திரும்பியே இருக்கிறது, ஜாக்கி பாட் டே கடிவாளத்தை அந்தப் பக்கம் இழுத்தபடி. ஃபோட்டோ ஃபினிஷில் ஒரு மூக்கு வித்தியாசம், சண்டே சைலன்ஸ். டே ஆட்சேபம் எழுப்பினார், நடுவர்கள் தள்ளிவிட்டார்கள். நான் ரேஸ் பார்க்க ஆரம்பித்து நாற்பது வருடத்துக்குப் பக்கம், கடைசி நேர்கோடு முழுக்க அப்படி ஒட்டி ஓடிய இன்னொரு பெரிய ரேஸ் என் நினைவில் இல்லை.

மூன்றாவது பெல்மான்ட். அங்கே ஈஸி கோயர் எட்டு லெங்த்தில் நசுக்கிவிட்டது. டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் மூன்றையும் எடுத்தால் கிடைக்கும் டிரிபிள் கிரவுன் போச்சு. நவம்பரில் ஃப்ளோரிடா கல்ஃப்ஸ்ட்ரீம் பார்க்கில் பிரீடர்ஸ் கப் கிளாசிக். வழக்கமான ஜாக்கி வலென்சுவேலா தடையில் இருந்ததால் கிறிஸ் மெக்காரன் ஏறினார். ஈஸி கோயர் கடைசியில் சீறி வந்தும் ஒரு கழுத்து அளவு பின்தங்கியது. நாலு சந்திப்பு, 3-1. அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்கள் மூன்று தடவை வருவதற்கு வேறு பெயர் வைக்கட்டும்.

மவுண்ட்ரோடு மாமா:

கேலரி சார், எல்லாம் ஒத்துக்கிறேன், ஒன்றைத் தவிர. பெல்மான்ட்டில் ஈஸி கோயர் 2 நிமிடம் 26 நொடியில் ஒன்றரை மைல் ஓடியது. அன்றைய தேதிக்கு செக்ரடேரியட் என்ற பழைய சாம்பியனுக்கு அடுத்தபடியாக வேகமான பெல்மான்ட் அது. நீண்ட வளைவும் அகலமான தடமும் இருக்கும் இடத்தில் பெரிய உடம்புக்காரன் ஈஸி கோயரை யாராலும் தொடமுடியாது. பிம்லிகோவிலும் கல்ஃப்ஸ்ட்ரீமிலும் திருப்பங்கள் இறுக்கம். அங்கே சண்டே சைலன்ஸ் பூனை மாதிரி சட்டென்று வேகம் எடுப்பான், மற்றது எடுத்து முடிப்பதற்குள் கோடு வந்துவிடும். யார் பெரியவன் என்பதற்குப் பதில் எந்தத் தடம் என்பதில்தான் இருக்கிறது. நான் இன்றைக்கும் ஈஸி கோயர் கட்சி, மாறமாட்டேன்.

வம்சாவளி பித்தன்:

கேள்வியின் முக்கியமான பாதிக்கு இன்னும் யாரும் வரவில்லை. ஏன் விற்றார்கள்?

தம்பி கேட்ட "வம்சாவளி சரியில்லை" என்பது பாதி உண்மை. அப்பா பக்கம் நன்றாகவே இருந்தது. அப்பா ஹேலோ, கடிக்கிற பழக்கத்தால் வாய்க்கூடு போட்டு வைத்திருந்த மூர்க்கன். ஆனால் 1983-லும் 1989-லும் வட அமெரிக்காவின் முதல் பொலிகுதிரை, அதாவது குட்டிகள் ஜெயித்த பரிசுப் பணத்தில் முதலிடம். ஹேலோவின் அம்மா காஸ்மா. உலகம் முழுக்க வம்சம் பரப்பிய பொலிகுதிரை நார்தர்ன் டான்ஸரின் அம்மா நடால்மா. இந்த இரண்டும் அல்மஹ்மூத் என்ற ஒரே பெண்குதிரையின் மகள்கள், அப்பா வேறு வேறு. அல்மஹ்மூதின் அப்பா மஹ்மூத், 1936 எப்ஸம் டெர்பியை ஜெயித்த ஆகா கானின் வெள்ளைச் சாம்பல் குதிரை. ஆக, அந்தப் பக்கம் ராஜ ரத்தம்.

குறை சொன்னது அம்மா பக்கத்தை. அம்மா விஷ்ஷிங் வெல் நன்றாக ஓடியவள்தான், கிரேடு 2, அதாவது இரண்டாம் தரப் பெரிய ரேஸ் வரை ஜெயித்தவள். ஆனால் அவளுடைய அப்பா அண்டர்ஸ்டாண்டிங் என்ற குதிரையை யாரும் கண்டுகொண்டதில்லை. அவளுடைய அம்மா மவுண்டன் ஃப்ளவர், அதற்கு மேலே போனாலும் ஏலப் புத்தகத்தில் தடித்த எழுத்தில் அச்சடிக்கிற, பெரிய ரேஸில் பேர் எடுத்த குதிரையின் பெயர் அதிகம் வராது. கென்டக்கியில் பொலிக்கு விடும்போது வாங்குகிறவன் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான், அப்புறம் காலை. இவனிடம் இரண்டும் இடித்தது. ஓட்டத்தில் ஜெயித்தது இவனுடைய சொந்தத் திறமை, குட்டிக்கு அது இறங்காது, வளைந்த கால்தான் இறங்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஹான்காக் பங்கு பங்காக விற்கத்தான் முதலில் பார்த்தார். ஒரு பங்கு வாங்கினால் வருடத்துக்கு ஒரு பெண்குதிரையை அனுப்பலாம் என்கிற வழக்கமான ஏற்பாடு. வாங்க வந்தவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். அவருக்கோ பண்ணைமேல் கடன். ஜப்பானில் ஷடாய் பண்ணை வைத்திருந்த ஸென்யா யோஷிடா ஏற்கெனவே கால் பங்கை 25 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தார். மீதியையும் கேட்டார். மொத்தம் சுமார் 1.1 கோடி டாலர். 1990-ல் பேரம் முடிந்தது. ஊரில் பலர் யோஷிடாவைப் பார்த்துச் சிரித்தார்கள்.

யோஷிடா கையில் இருந்த சீட்டு அவர்களுக்குத் தெரியவில்லை. ஷடாயின் பெண்குதிரைகள் பெரும்பாலும் நார்தர்ன் டேஸ்ட் வழி. அது யோஷிடா சாராடோகா ஏலத்தில் 1 லட்சம் டாலருக்கு வாங்கிய நார்தர்ன் டான்ஸரின் மகன். ஜப்பானை வருடக்கணக்கில் ஆண்ட பொலிகுதிரை. ஆக பண்ணை முழுக்க நல்ல அம்மாக்கள், ஆனால் அத்தனை பேர் ரத்தத்திலும் நார்தர்ன் டான்ஸர். அதே ரத்தத்தில் இன்னொரு பொலியைக் கொண்டுவந்தால் நெருங்கிய சொந்தத்துக்குள் கல்யாணம் ஆகிவிடும். சண்டே சைலன்ஸிடம் நார்தர்ன் டான்ஸரே இல்லை. கென்டக்கி ஏலத்தில் வெறுமையாகத் தெரிந்த அதே பக்கம் ஷடாய் இருக்கும் ஹொக்கைடோ தீவில் யாருடனும் முட்டாத பக்கம்.

முதல் குட்டிகள் 1992-ல் பிறந்தன. 1995-ல் அந்த ஒரே ஈட்டிலிருந்து, அதாவது ஒரே வருடத்துக் குட்டிகளிலிருந்து, ஜெனுவின் என்ற குதிரை சத்சுகி ஷோ என்ற பெரிய ரேஸை எடுத்தது, தயாசு சுயோஷி ஜப்பான் டெர்பி எடுத்தது, டான்ஸ் பார்ட்னர் பெண்குதிரைகளுக்கான ஓக்ஸ் எடுத்தாள். ஃபுஜி கிசேகி ஓடிய நாலையும் ஜெயித்து அடிபட்டு நின்றது, அது ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் பேசுகிறார்கள். ஓடுகிற வயதில் இரண்டு ஈட்டுக் குட்டிகள் மட்டும் இருக்கும்போதே அவன் ஜப்பானின் முதல் பொலிகுதிரை. அங்கிருந்து 2007 வரை தொடர்ந்து 13 வருடம். இதில் கடைசி ஐந்து வருடம் அவன் உயிரோடுகூட இல்லை. ஜப்பான் டெர்பி மட்டும் ஆறு குட்டிகள்.

நம்ம நாட்டிலும் இதற்குப் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. ரஸீன் 1990 எப்ஸம் டெர்பியில் ஃபேவரிட்டாக இறங்கிச் சொதப்பியது. அப்புறம் இந்தியாவுக்கு வந்து உஷா ஸ்டட் பண்ணையில் நின்று நம்ம ரேஸையே மாற்றிப்போட்டது. என்ன, அது நார்தர்ன் டான்ஸரின் சொந்த மகன். வம்சாவளியில் குறை சொல்ல இடமில்லை.

தூங்காத கேமர்:

அண்ணா, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, ரொம்ப நன்றி. பிரீக்னஸ் வீடியோவை இப்போதுதான் பார்த்தேன், கடைசி இருபது நொடி மூச்சே விடவில்லை. இரண்டு சந்தேகம். உயிரோடு இல்லை என்றீர்களே, எப்படி இறந்தது? அப்புறம் இப்போது ஜப்பானில் எல்லாக் குதிரையும் இவன் வழியே என்றால், நார்தர்ன் டேஸ்ட்டுக்கு வந்த அதே சிக்கல் இப்போது இவனுக்கு வந்திருக்க வேண்டுமே?

கால்நடை:

முதல் கேள்விக்கு நான். 2002-ல் வலது முன்னங்காலில் நோய்த்தொற்று. ஆறுவதற்கு நாளாகும்போது குதிரை அந்தக் காலை ஊன்றாமல் பாரம் முழுக்க மறு காலில் போடும். அரை டன் உடம்பு. நல்ல காலின் குளம்புக்குள்ளே எலும்பைக் குளம்போடு பிடித்து வைத்திருக்கும் மெல்லிய அடுக்குகள் ரத்த ஓட்டம் கெட்டு வீங்கிப் பிய்ந்துவிடும். லாமினைட்டிஸ் என்பார்கள். இவனுக்கும் இடது காலில் அதுதான் வந்தது. மாட்டுக்குப் போல் படுக்கப்போட்டு வைத்தியம் பார்க்க முடியாது, குதிரை நாட்கணக்கில் படுத்தால் நுரையீரலும் குடலும் ஒத்துழைக்காது. ஆகஸ்ட் 19-ல் இறந்தான், வயது 16. கடைசிப் பருவங்களில் வருடத்துக்கு 200 பெண்குதிரைகளுக்கு மேல் அவனிடம் கொண்டுவந்தார்கள். தரோபிரெட் என்கிற ரேஸ் குதிரை இனத்தில் செயற்கைக் கருவூட்டல் செல்லாது, எல்லாமே நேரடியாக நடக்கவேண்டும் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

வம்சாவளி பித்தன்:

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. சிக்கல் வந்துவிட்டது. அதனால்தான் நார்தர்ன் டான்ஸர் ரத்தம் அங்கே திரும்ப மதிப்பாகிவிட்டது.

அவன் இறந்த அதே 2002-ல், அவன் பிறந்த அதே மார்ச் 25-ல் பிறந்தது டீப் இம்பாக்ட். 2005-ல் ஒரு தோல்வியும் இல்லாமல் ஜப்பான் டிரிபிள் கிரவுன், பிறகு 2012 முதல் 2022 வரை முதல் பொலிகுதிரை. அதன் அம்மா விண்ட் இன் ஹர் ஹேர், எலிசபெத் ராணியின் குதிரை ஹைகிளேர் வழியில் வந்தவள், அவளுடைய அப்பா அல்ஸாவ் நார்தர்ன் டான்ஸர் வழி. அதாவது முதலில் வேலை செய்த அதே சேர்க்கை.

இப்போது கொள்ளுப்பேரன் தலைமுறை வந்துவிட்டதால், ஒரு பக்கம் மூன்றாம் தலைமுறை, மறு பக்கம் நாலாம் தலைமுறை என்று அவனையே இரண்டு தடவை வைத்து இணைக்கிறார்கள். எட்டில் ஒன்றும் பதினாறில் ஒன்றும் கூட்டினால் 18.75 சதவீதம். ஜப்பானியர்களுக்கு அந்தக் கணக்கின்மேல் ஒரு தனிக் காதல். 2020-ல் பெண்குதிரைகளின் டிரிபிள் கிரவுன் எடுத்த டேரிங் டாக்ட் அப்படி வந்தவள்தான். எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. நாலு நட்சத்திரம் வந்தால் பேசுகிறோம், ஓடாமல் போனவற்றை யார் எண்ணுகிறார்கள்?

உங்கள் கேமில் கிங் ஹேலோ வருகிறாளா? அவனுடைய அம்மா குட்பை ஹேலோ, அதே மூர்க்கன் ஹேலோவின் மகள், அமெரிக்காவில் கென்டக்கி ஓக்ஸ் ஜெயித்தவள். உலகத் தரவரிசையில் முதலிடம் பெற்ற எக்வினாக்ஸ் இருக்கிறதே, அதன் அம்மாவின் அப்பா கிங் ஹேலோ. அப்பா பக்கம் சண்டே சைலன்ஸ். ஆக இரண்டு பக்கமும் நாலாவது தலைமுறையில் ஹேலோ நிற்கிறான், வாய்க்கூட்டோடு.

மவுண்ட்ரோடு மாமா:

2025 பிரீடர்ஸ் கப் கிளாசிக்கை யாரும் சொல்லவில்லையே! டெல் மாரில் ஃபாரெவர் யங் ஜெயித்ததே, ஜப்பான் குதிரை, அப்பா ரியல் ஸ்டீல், தாத்தா டீப் இம்பாக்ட். 1989-ல் இவன் எடுத்த அதே ரேஸ். வேண்டாம் என்று அனுப்பியவர்கள் வீட்டு வாசலிலேயே வந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஈஸி கோயர் பாவம், 1994-லேயே செத்துப்போச்சு, இல்லையென்றால் நானும் அதன் குட்டிகளில் நாலு பெயர் சொல்லியிருப்பேன்.