பொருள்: அயல்மரபணு ஈயா, புகுமரபணு ஈயா?

கலைச்சொல் குழும அன்பர்களுக்கு வணக்கம்.

திங்கட்கிழமை முதலாண்டு விலங்கியல் வகுப்பில், ஹார்மோனை ஏற்கும் புரதமான ஏற்பியின் (receptor) மரபணு எங்கே, எப்போது இயங்குகிறது என்பதைப் பழ ஈயில் கண்டறியும் முறையைத் தமிழில் நடத்த வேண்டும். ‘ஏற்பி’ நிலைத்துவிட்டது, அதை இனி அசைக்க வேண்டாம். ஆய்வாளர் மரபணுவைச் செலுத்திப் பெறும் ஈக்குத்தான் (transgenic fly) பெயர் வேண்டும்.

‘மரபணு மாற்றிய ஈ’ போதாது. 1910இல் மரபியலாளர் மார்கன் கண்ட வெண்கண் ஈயின் மரபணுவும் மாறியதுதான். அதில் யாரும் எதையும் செலுத்தவில்லை. நம் குழுமத்தின் மதுரை ஐயா முன்மொழிந்த ‘அயல்மரபணு ஈ’ கேட்டவுடன் விளங்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் எக்டைசோன் ஆய்வில் நடப்பதைப் பாருங்கள். தோலுரிப்பையும் உருமாற்றத்தையும் தூண்டும் அந்த ஹார்மோனின் ஏற்பி மரபணுவை இயக்கும் கட்டுப்பாட்டு டிஎன்ஏத் துண்டை ஈயிடமிருந்தே எடுத்து, அதனோடு சொறியின் (ஜெல்லிமீனின்) பச்சை ஒளிர்புர (ஒளிரும் புரத) மரபணுவை இணைத்து, ஈயின் இளங்கருவுக்குள் நுண்ணூசியால் செலுத்துகிறார்கள். வழித்தோன்றல்களில் எந்தத் திசு பச்சையாக ஒளிர்கிறதோ, அங்கே அந்தத் துண்டு வேலை செய்கிறது என்று பொருள். தொண்டிப் பக்கம் கரைவலையில் மீனோடு ஏறிவந்து கையை அரிக்கவைக்கும் சொறியை என் மாணவர் அறிவர். ஒளிர்புரம் தந்தது வட பசிபிக் கடலின் சொறி. அது ஈக்கு அயல்தான். நாம் ஆராயும் துண்டோ ஈயினுடையதே. 1982இல் ஆய்வாளர்கள் ரூபினும் ஸ்ப்ராட்லிங்கும் பழ ஈக்குள் செலுத்தியதும் ஈயின் கண்நிறத்துக்குரிய மரபணுவைத்தான். அதில் ‘அயல்’ எங்கே இருக்கிறது?

‘ஒட்டுமரபணு’வும் ஆகாது. ஒட்டுமாவின் ஒட்டு விதைவழி இறங்காது. இந்த மரபணு தலைமுறைதோறும் இறங்கும்.

ஆகவே ‘புகுமரபணு ஈ’ என்கிறேன். ‘புகு’ தன்வினையாயிற்றே, மரபணு தானாகவா புகுந்தது என்று குழும அம்மையார் ஒருவர் கேட்டிருந்தார்கள். ஊறுகாயும் நாம் ஊறவைத்ததுதான். அதை ‘ஊறவைத்த காய்’ என்று யாரும் அழைப்பதில்லை. வினைத்தொகை அதற்கு இடம் தருகிறது.

ஞாயிறு மாலைக்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.

மதுரை ஐயாவின் மறுமொழி:

அன்புடையீர், ஊறுகாய்ச் சான்றை ஏற்கிறேன். கண்நிற மரபணுவுக்கும் என்னிடம் விடை இல்லை. ஆயினும் வகுப்பில் ‘புகுமரபணு’ என்று சொன்னால் பின்வரிசை மாணவர் ‘புதுமரபணு’ என்றே எழுதிக்கொள்வார். முப்பதாண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் சொல்கிறேன். ‘அயல்’ என்பதை நான் விடுவதாயில்லை. திங்களன்று உங்கள் சொல்லையே கரும்பலகையில் எழுதுங்கள். மறுநாள் அவர்களுடைய குறிப்பேட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.