பழைய சிந்தசைசருக்கு எந்த கெப்பாசிட்டர் போடலாம்?

எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு அனலாக் சிந்தசைசர் கைக்கு வந்திருக்கிறது. ஆன் செய்ததும் அடியில் ஒரு ‘ம்ம்ம்’ இரைச்சல், வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தாலும் போகவில்லை. திறந்து பார்த்தால் பவர் சப்ளையில் 2200 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் இரண்டு. ஒன்றின் தலை லேசாக உப்பியிருக்கிறது, காலடியில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருக்கிறது (பசையோ என்று சுரண்டிப் பார்த்தேன், பசை இல்லை).

அதே மதிப்பில் 35 வோல்ட், 105 டிகிரி வகை போடப்போகிறேன், அதில் குழப்பமில்லை. 3300க்கு ஏற்றினால் இரைச்சல் இன்னும் குறையும் என்கிறார் நண்பர், ஆனால் ஆன் செய்யும் நேரத்தில் பழைய டயோடுகள் அந்தக் கூடுதல் கரண்ட்டைத் தாங்குமா?

அப்புறம் ஆஸிலேட்டரில் (சுருதியை உண்டாக்கும் சர்க்யூட்) இருக்கும் பாலிஸ்டைரீன் கெப்பாசிட்டர். ஒன்றின் மேல் சால்டரிங் அயர்ன் பட்டு உருகிவிட்டது, என் தப்புதான். சாதா செராமிக் போட்டால் சூடேற ஏற சுருதி விலகும் என்று தெரியும். சூட்டில் மதிப்பு அவ்வளவாக மாறாத சி0ஜி வகை செராமிக் போதுமா, பாலிஸ்டைரீனையே தேடிப் பிடிக்கணுமா? ஆடியோ பாதையில் இருக்கும் கெப்பாசிட்டர்கள் நன்றாகத்தான் வேலை செய்கின்றன, அவற்றைத் தொடாமல் விடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.