கையில் நரம்பே இல்லை, இன்னும் ஒன்பது நாள் ஊசி: மிட்லைன் கேட்கலாமா?

திருமலைத் தாதி:
திருகோணமலையில் மெடிக்கல் வாட்டில் வேலை. தம்பலகாமத்து வயல்காரர் ஒருவர், வயது 58, பலகாலச் சீனி வருத்தம். விதைப்புக்குப் பிறகு காய்ச்சல், பரிசோதித்ததில் மெலியோய்டோசிஸ் (மண்ணிலும் நீரிலும் உள்ள பக்டீரியாவால் வரும் தொற்று). செஃப்டாசிடைம் என்ற அன்டிபயோட்டிக் ஊசி எட்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம், குறைந்தது 14 நாள். இன்று ஐந்தாம் நாள். நேற்றிரவு மூன்று முறை குத்தியும் எனக்கு நரம்பு கிடைக்கவில்லை. அனஸ்தீசியா டொக்டர் வந்துதான் கனுலா (மருந்து ஏற்றும் சிறு குழாய்) போட்டார். "அழாத பிள்ளை, வயல்ல அட்டை கடிக்கிறத விடவா" என்று ஐயாதான் என்னைத் தேற்றினார். மிட்லைன் (மேற்கை நரம்பில் போடும் நீளமான குழாய்) என்று படிக்கிற காலத்தில் கேள்விப்பட்டதோடு சரி. எப்போது கேட்க வேண்டும்? 'அதை டொக்டர்மார் பார்ப்பினம்' என்று சொல்லிவிடுவார்களோ என்று தயக்கம்.

பழைய வாட்டு அக்கா:
தங்கச்சி, ஐந்து நாள் பிந்திவிட்டீர்கள். 14 நாள் என்று சீட்டில் எழுதிய அன்றே கேட்டிருக்கலாம். நரம்பெல்லாம் கெடும்வரை காத்திருப்பதுதான் நாங்கள் எல்லோரும் செய்கிற பிழை. எந்த நோயாளிக்கு எந்தக் குழாய் என்று சொல்லும், 2015இல் வந்த மிச்சிகன் வழிகாட்டியின் கணக்கு எளிது: ஐந்து நாளுக்குள் முடியுமென்றால் சாதாரண கனுலா, அதைத் தாண்டி 14 நாள் வரை என்றால் மிட்லைன் பொருந்தும். மேற்கையில் அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடுவார்கள். நுனி அக்குளோடு நின்றுவிடும், இதயம்வரை போகாது. அதனால் எக்ஸ்ரே தேவையில்லை. அதனாலேயே நோரட்ரினலின் (பிரஷரை ஏற்றும் மருந்து), நரம்புவழி உணவு போன்றவற்றை அதில் நாள்கணக்கில் ஏற்றக் கூடாது. செஃப்டாசிடைமுக்குப் பயமில்லை.

ஆனால் முதலில் கிரியட்டினினை (சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை) பாருங்கள். பதவிசிறிபுரப் பக்கம் சிறுநீரக வருத்தம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். இவருக்குச் சீனியும் இருக்கிறது. ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் கணக்கு) 45க்குக் கீழே என்றால் மேற்கை நரம்பைத் தொட முன் சிறுநீரக டொக்டரிடம் கேட்க வேண்டும். நாளைக்கு டயலிசிஸ் என்று வந்தால் ஃபிஸ்டுலா (டயலிசிஸுக்காக நரம்பை நாடியோடு இணைப்பது) போட அந்த நரம்புதான் வேண்டும். ஸ்கானும் முக்கியம். ஈரலிலோ மண்ணீரலிலோ சீழ்கட்டி இருந்தால் ஊசி வாரக்கணக்கில் நீளும். அப்போது பேச்சு மிட்லைன் அல்ல, இதயத்துக்குக் கிட்டவரை போகும் பிக் லைன்.

மூதூர்த் தம்பி:
அக்கா சொன்னது சரி. போட்ட பிறகு ஒன்று: ஆழத்தில் இருப்பதால் மருந்து கசிந்தாலும் உடனே தெரியாது. ஒவ்வொரு டியூட்டியிலும் இரண்டு மேற்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடாதீர்கள். எங்களிடம் மிட்லைன் எப்போதும் இருப்பில் இராது. இல்லாத நாளில் நீளமான கனுலாவை அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போட்டுச் சமாளிப்போம்.

திருமலைத் தாதி:
ஈஜிஎஃப்ஆர் 71, ஸ்கானில் கட்டி இல்லை. காலை ரவுண்டில் இரண்டையும் சொல்லி, மிச்சம் ஒன்பது நாள் என்றும் சொல்லிக் கேட்டேன். டொக்டர் அங்கேயே நின்று அனஸ்தீசியாவுக்குப் போன் எடுத்தார். ஐயாவுக்கு ஒரே ஒரு கவலைதான், அந்தக் கையால் சோறு பிசையலாமா என்று. இடது கையில் போடச் சொல்லியிருக்கிறேன்.